உப்பு அள்ளியவரும் உண்மை சொன்னவரும்

(நாகப்பட்டினத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நாம் கூடியிருக்கும் இந்த இடத்திலிருந்து தெற்கே ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் வேதாரண்யம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜியின் தலைமையில் சுமார் நூறு தொண்டர்கள் திருச்சியில் புறப்பட்டார்கள். காவிரிப் பாசன ஊர்கள் வழியே நடந்து 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார்கள். 30ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் சிறை என்று அன்றைய தஞ்சை ஆட்சியர் தார்ன் தண்டோரா போட்டு அறிவித்திருந்தார். மக்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள். வேதாரண்யத்தில் முடிதிருத்தும் வைரப்பன், தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்தில் எழுந்துகொண்டார். இவையெல்லாம் இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த கதைகள்.

இந்தக் கதை எப்படி முடிந்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1931 மார்ச் 5 அன்று காந்தி–இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானது. கடலோர ஊர்களில் இருப்பவர்கள் தங்கள் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். வன்முறையில் ஈடுபடாத சட்டமறுப்புக் கைதிகளை விடுதலை செய்யவும் ஒப்புக்கொண்டார்கள். இரண்டும் ஒரே தாளில், ஒரே நாளில். சட்டம் தவறு என்று அரை மனதோடாவது ஏற்ற பிறகு, அதை மீறியவரை உள்ளே வைத்திருப்பதில் நியாயம் இல்லை என்பது அந்நிய ஆட்சிக்கே புரிந்திருந்தது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட கேள்விக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. அரசாங்கம் தன் மக்கள் அனைவரையும் மறைவாகக் கண்காணிக்கிறது. உள்ளே வேலை செய்யும் ஒருவர் அதை ஊருக்குச் சொல்லிவிடுகிறார். சொன்னது சட்டப்படி குற்றம். சொல்லப்பட்டதோ உண்மை. அவருக்கு மன்னிப்பு வழங்க வேண்டுமா?

ஒருவர் சொன்னதும் உலகம் அறிந்ததும்

2013 மார்ச் மாதம் அமெரிக்கத் தேசிய உளவுத்துறை இயக்குநர் ஜேம்ஸ் கிளாப்பர் செனட் குழுவின் முன் நின்றார். கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றிய தகவல்களை எந்த வகையிலாவது சேகரிக்கிறீர்களா என்று கேட்டார்கள். தெரிந்து அப்படிச் செய்யவில்லை என்று பதில் சொன்னார். மூன்று மாதம் கழித்து, ஜூன் 5 அன்று, வெரைசான் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் யார் யாரை, எப்போது, எவ்வளவு நேரம் அழைத்தார்கள் என்ற விவரம் முழுவதையும் நாள்தோறும் ஒப்படைக்கச் சொன்ன இரகசிய நீதிமன்ற ஆணையை கார்டியன் நாளேடு வெளியிட்டது. அதைக் கொடுத்தவர் தேசியப் பாதுகாப்பு முகமைக்காக ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் வேலை செய்த எட்வர்ட் ஸ்னோடென். அப்போது அவருக்கு வயது 29.

அடுத்தடுத்து வந்த ஆவணங்களில் நமக்கும் பங்கு இருந்தது. 2013 மார்ச் ஒரே மாதத்தில் இந்தியாவிலிருந்து அந்த முகமை திரட்டிய தகவல் துணுக்குகள் 630 கோடி. உலக நாடுகளின் வரிசையில் நமக்கு ஐந்தாம் இடம்.

இந்த எண்ணை நாகூர்த் தெருக்களில் வைத்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாகச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிழைக்கப் போனவர்களின் வீடுகள் அவை. அஞ்சலகத்தில் டிரங்க் கால் பதிவுசெய்துவிட்டுக் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. இணைப்புக் கிடைத்ததும் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். சுற்றி இருப்பவர்கள் கேட்பார்கள் என்பதால் நகை அடகையும் மகள் வரனையும் கடிதத்துக்கு ஒதுக்கிவிடுவார்கள். யார் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் எதைப் பேசலாம் என்பது நம் கையில் இருக்கும். இன்று அதே வீட்டுப் பெண்மணி கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் பேசுகிறார். கேட்பவர் யாரும் இல்லை என்று நம்பி எல்லாவற்றையும் சொல்கிறார். அந்த நம்பிக்கை சரியா என்று கேட்கும் வாய்ப்பையே நமக்குத் தந்தது அந்த ஆவணங்கள்தான்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2015 மே மாதம் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், தொலைபேசி விவரங்களை மொத்தமாக அள்ளுவதற்குச் சட்டத்தில் இடமில்லை என்றது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த வழக்கத்தை நிறுத்தியது. 2020 செப்டம்பரில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது சட்டவிரோதம் என்று சொன்னது. செனட்டில் தவறான பதில் சொன்ன இயக்குநர்மீது வழக்கு இல்லை. உண்மையைச் சொன்னவர்மீது 1917ஆம் ஆண்டு உளவுச் சட்டத்தின் கீழ் வழக்கு இன்றும் இருக்கிறது. காந்தி–இர்வின் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டால், அதில் ஒரு பாதியை மட்டும் நிறைவேற்றியிருக்கிறார்கள். உப்புக்கு அனுமதி கொடுத்துவிட்டு, உப்பு அள்ளியவரைச் சிறையிலேயே வைத்திருந்ததற்குச் சமம் இது.

அமெரிக்காவை விட்டு வெளியேறிய ஸ்னோடென் அடைக்கலம் கேட்டு விண்ணப்பித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. 2013 ஜூலை 2 அன்று நம் அரசு அதை மறுத்தது.

ஒற்றாடல் சொல்வது என்ன

ஒற்று வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். எல்லாரிடத்தும் நிகழ்வதையெல்லாம் விரைந்து அறிவது வேந்தனின் தொழில் என்றும் அதில் சொல்கிறார். கண்காணிப்பை ஆதரிப்பவர்கள் அந்தக் குறளைக் காட்டினால் நான் மறுக்க மாட்டேன். இரண்டு குறள் தள்ளிப் படியுங்கள் என்று மட்டும் கேட்பேன். யாரை ஆராய்வது ஒற்று என்று அங்கே பட்டியல் வருகிறது. முதலில் அரசின் வேலையைச் செய்பவர்கள். அடுத்து அரசனின் சொந்தச் சுற்றம். பிறகுதான் பகைவர். உழுகிறவனும் வலை வீசுகிறவனும் அந்தப் பட்டியலில் தனியாகப் பெயர் சொல்லப்படவில்லை. ஒற்றனின் கண் முதலில் திரும்ப வேண்டியது அதிகாரத்தின் பக்கம் என்றே நான் அதைப் படிக்கிறேன்.

ஒரே ஒற்றன் சொன்னதை நம்பாதே, ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்தால் ஏற்றுக்கொள் என்றும் அதே அதிகாரம் கட்டுப்பாடு விதிக்கிறது. வேறோர் இடத்தில், இடித்துச் சொல்பவர் இல்லாத அரசன் கெடுப்பவர் யாருமில்லாமலே கெடுவான் என்கிறார். ஆங்கிலத்தில் விசில் ஊதுபவர் என்று சொல்லப்படுபவருக்குத் தமிழில் பெயர் தேடி நாம் அலைய வேண்டாம். இடித்துரைப்பவர் என்ற சொல் நெடுங்காலமாக நம்மிடம் இருக்கிறது. அவரை அரசனின் துணை என்று சொன்ன மொழி நம்முடையது. அவரைப் பகைவர் கணக்கில் எழுதும் சட்டத்தை நாம் எங்கிருந்து பெற்றோம்?

கர்சன் பிரபுவின் காலத்தில் இறுக்கப்பட்டு, 1923இல் இன்றைய வடிவம் பெற்ற அலுவல்முறை இரகசியங்கள் சட்டத்திலிருந்து பெற்றோம். ஆளப்படுபவரை நம்பாத ஓர் ஆட்சி, தன் குமாஸ்தாக்களின் வாயைக் கட்டுவதற்காக எழுதிக்கொண்ட சட்டம் அது. ஆட்சி போன பிறகும் சட்டம் இருக்கிறது.

நம் நாட்டில்

தொலைபேசியை ஒட்டுக்கேட்க இங்கே நெடுங்காலம் கைகொடுத்தது 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம். பொது அவசரநிலை, பொதுமக்கள் பாதுகாப்பு என்ற இரண்டு காரணங்களில் ஒன்று இருந்தால்தான் கேட்கலாம் என்பது விதி. விதி எப்படி நடைமுறையில் இருந்தது என்பதை, அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டதைப் பற்றிய மத்தியப் புலனாய்வுத் துறையின் அறிக்கை காட்டியது. அது 1991 மார்ச்சில் மெயின்ஸ்ட்ரீம் இதழில் அச்சாகி, உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. 133 இணைப்புகளை அனுமதித்த காலம் முடிந்த பிறகும் கேட்டிருந்தார்கள். 111 இணைப்புகளை 180 நாள் வரம்பைத் தாண்டியும், அதற்கான அனுமதி பெறாமல் கேட்டிருந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த அந்த வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று தீர்ப்பு வந்தது. உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும், மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும் என்ற காப்புகள் அதிலிருந்துதான் பிறந்தன. ஓர் அறிக்கை அலமாரியை விட்டு அச்சுக்கு வந்ததால் நாட்டுக்குக் கிடைத்த காப்புகள் அவை.

அந்தக் காப்புகளும் எவ்வளவு மெல்லியவை என்று பாருங்கள். மத்திய உள்துறை மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் பிறப்பிப்பதாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் வந்த பதில் ஒன்று சொன்னது. மறுஆய்வுக் குழு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடினால் போதும். குழுவில் இருப்பவர்கள் மூவரும் அரசுச் செயலாளர்கள். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட உத்தரவுகளை மூன்று பேர் ஓர் அமர்வில் எப்படிப் படித்துப் பார்க்க முடியும்? யாருடைய தொலைபேசி கேட்கப்படுகிறதோ அவருக்குத் தெரியாது. தெரியாதவர் எப்படி வழக்குப் போடுவார்? கண்காணிப்பில் மட்டும் பாதிக்கப்பட்டவருக்குத் தான் பாதிக்கப்பட்டது தெரியாது. திருட்டுப் போனால் வீட்டுக்காரருக்குத் தெரியும், நிலம் பறிபோனால் பட்டாதாரருக்குத் தெரியும். இங்கே உள்ளே இருக்கும் ஒருவர் வாயைத் திறந்தால்தான் வழக்கே பிறக்கும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், என் வாதம் முழுவதும் இந்த ஒரு புள்ளியில் நிற்கிறது.

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னார்கள். 2021இல் பெகாசஸ் உளவு மென்பொருள் பற்றிய செய்தி பன்னாட்டுப் பத்திரிகைக் கூட்டமைப்பு ஒன்றின் வழியாக வந்தது. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 கைப்பேசிகளைப் பரிசோதித்து ஐந்தில் தீய மென்பொருள் இருந்ததாகவும், அது பெகாசஸ்தான் என்று உறுதிப்படுத்த முடியவில்லை என்றும் சொன்னது. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு கூறியதை 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதி நீதிமன்றத்திலேயே தெரிவித்தார்.

2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2011ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவை இரத்து செய்தார். குற்றத்தைக் கண்டுபிடிக்க உதவும் என்பது மட்டும் போதாது, சட்டம் சொல்லும் இரண்டு காரணங்களில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றார். அந்தத் தீர்ப்பு வர ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் ஆயின.

தமிழ்நாட்டிலேயே 2008இல் ஒரு சம்பவம் நடந்தது. தலைமைச் செயலாளரும் இலஞ்ச ஒழிப்புத் துறை உயரதிகாரியும் தொலைபேசியில் பேசியது வெளியே வந்தது. வெளியிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டுக் கைதானவர் துறையின் ஊழியர் ஒருவர். வழக்கு பல ஆண்டுகள் நடந்து விடுதலையில் முடிந்தது. விடுதலை வருவதற்குள் ஓர் ஊழியரின் வேலையும் வயதும் என்ன ஆகும் என்பது நீதிமன்ற வாசல் மிதித்த எவருக்கும் தெரியும்.

எதிர்வாதங்கள்

இனி, மன்னிப்பு கூடாது என்பவர்களின் வாதங்களுக்கு வருகிறேன். அவை எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல.

முதல் வாதம்: வேதாரண்யத்தில் உப்பு அள்ளியவர்கள் ஓடவில்லையே, கைதாகிச் சிறைக்குப் போனார்களே, ஸ்னோடென் ஏன் ஓடினார்? இது என்னையும் நெடுநாள் உறுத்திய கேள்வி. ராஜாஜி எதை, ஏன் செய்தார் என்பது முன்கூட்டியே ஊரறிந்த செய்தி. எதற்காக உப்பு அள்ளினோம் என்று எந்தச் சத்தியாகிரகியும் நீதிமன்றத்தில் நின்று சொல்ல முடிந்தது. அமெரிக்க உளவுச் சட்டத்தின் கீழ் வழக்கு நடந்தால், பொதுநலனுக்காகச் செய்தேன் என்பது எதிர்வாதமாக எடுபடாது. ஆவணம் கைமாறியதா என்பதே கேள்வி, எதற்காக என்பது இல்லை. சிறைக்கு அஞ்சாமல் போகலாம். வாயைத் திறக்க முடியாத கூண்டில் ஏறி நிற்பதால் யாருக்கு என்ன பயன்?

இரண்டாவது வாதம்: மேலதிகாரியிடம் முறையிட்டிருக்கலாமே? தாமஸ் டிரேக் அதைத்தான் செய்தார். அதே தேசியப் பாதுகாப்பு முகமையின் மூத்த அதிகாரியான அவர் உள் விசாரணை அதிகாரிகளிடம் முறைப்படி புகார் கொடுத்தார். 2007இல் அவர் வீடு சோதனையிடப்பட்டது. 2010இல் பத்துக் குற்றச்சாட்டுகளோடு வழக்கு வந்தது. அடுத்த ஆண்டு வழக்கு சரிந்து ஒரு சிறு குற்றத்தோடு முடிந்தபோது அவருடைய பணிவாழ்வும் முடிந்திருந்தது. அதைப் பார்த்த இளைஞர் யார் உள்ளே போய் முறையிடுவார்? நம் நாட்டிலும் தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003 நவம்பரில் கயாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். தன் பெயரை மறைத்துவைக்கக் கேட்டிருந்தார் அவர்.

மூன்றாவது வாதம்தான் கனமானது. அவர் எடுத்துச் சென்றவற்றில் கண்காணிப்போடு தொடர்பில்லாத இராணுவ ஆவணங்களும் ஏராளம் என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு 2016இல் சொன்னது. அதில் உண்மை இருக்குமானால் அந்தப் பகுதிக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். மன்னிப்பு என்பது ஒருவர் செய்த அனைத்துக்கும் கொடுக்கும் நற்சான்று அல்ல. எதற்கு, எவ்வளவு என்று அளந்தும் கொடுக்கலாம். இராணுவ ஆவணங்களை வெளியிட்டு 35 ஆண்டு தண்டனை பெற்ற செல்சி மானிங்கின் தண்டனையை 2017 ஜனவரியில் ஒபாமா குறைத்தார். மே மாதம் அவர் வெளியே வந்தார். அமெரிக்கா அதனால் பலவீனப்பட்டுவிடவில்லை.

நீதிமன்றத்தில் வந்து நிற்காதவரை மன்னிக்க முடியாது என்று அதே ஒபாமா ஸ்னோடென் பற்றிச் சொன்னார். 1974இல் வழக்கே தொடரப்படாத நிக்சனுக்கு ஃபோர்டு முழு மன்னிப்பு வழங்கினார். 1977இல் வியட்நாம் போருக்குப் போக மறுத்தவர்களைக் கார்ட்டர் மன்னித்தார். முடியாது என்பது அங்கே சட்டத்தின் சொல் அல்ல.

மன்னிப்பின் அளவுகோல்

என் முடிவை வெளிப்படையாகச் சொல்கிறேன். மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வெளிவந்த செயல் சட்டத்தை மீறியதா, அல்லது மக்களிடமிருந்து மறைத்தே நடத்தக்கூடியதா? சொன்னவர் அதைக் காசுக்கோ அந்நிய அரசுக்கோ விற்காமல் மக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தாரா? உள்ளே முறையிட உண்மையிலேயே திறந்திருந்த கதவு எதுவும் இல்லையா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் மன்னிப்பு தர வேண்டும். ஸ்னோடென் வெளியிட்ட தொலைபேசிக் கண்காணிப்பு விவரங்கள் இந்த மூன்றிலும் தேறுகின்றன. அவருக்கு அந்த அளவில் மன்னிப்பு உரியது.

கண்காணிப்பு எல்லாமே பகை என்று இதற்குப் பொருளில்லை. நம் மீனவர்களின் விசைப்படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்துகிறார்கள். படகு எங்கே போகிறது என்பது கரையில் தெரியும். புயலில் சிக்கினால் உதவி கேட்கலாம். கருவி இருப்பது படகுக்காரருக்குத் தெரியும், எதற்கு என்பதும் தெரியும், பிடிக்காவிட்டால் சங்கத்தில் பேசலாம். கண்காணிப்புக்கும் வேவுக்கும் இடையே உள்ள தூரம் இவ்வளவுதான்.

ஆனால் இந்தியாவில் இந்த மன்னிப்புப் பேச்சுக்கு ஒரு தடை இருக்கிறது, வழக்கறிஞர் நண்பர்கள் அறிவார்கள். குடியரசுத் தலைவருக்கு அரசியலமைப்பின் 72ஆம் பிரிவும் ஆளுநருக்கு 161ஆம் பிரிவும் தரும் அதிகாரம், குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவருக்கே பயன்படும். நிக்சனுக்குக் கிடைத்தது போன்ற முன்மன்னிப்பு இங்கே கிடையாது. தீர்ப்புக்குப் பிறகும் ஒரு கையெழுத்துக்காக எத்தனை காலம் காத்திருக்க நேரும் என்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளனை விடுவிக்க 2018 செப்டம்பரில் மாநில அமைச்சரவை பரிந்துரைத்தது. 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம்தான் விடுவித்தது. எனவே இடித்துரைப்பவரை மன்னிப்பை நம்பி நிற்கச் சொல்வது நம் நாட்டில் போதாது. மன்னிப்பு ஒருவர் மனமிரங்கிக் கொடுப்பது. அவருக்கு வேண்டியது உரிமை.

அந்த உரிமையை நாம் எழுதியும் வைத்திருக்கிறோம். துபே கொல்லப்பட்டதன் பின்னால் எழுந்த குரல்கள் ஆண்டுகள் கடந்து ஒரு சட்டமாயின. 2014 மே மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது முறைகேடுகளை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம். அலுவல்முறை இரகசியங்கள் சட்டம் என்ன சொன்னாலும் உரிய அதிகாரியிடம் முறையிடலாம் என்று அதில் இருக்கிறது. இன்று வரை அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. பக்கத்துத் திருவாரூரில் மனுநீதிச் சோழன் ஆராய்ச்சி மணி கட்டினான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். நாம் மணியை வார்த்து வைத்துவிட்டுக் கயிறு கட்டாமல் பத்து ஆண்டுகளுக்கு மேல் விட்டிருக்கிறோம்.

2019 ஏப்ரலில் ரஃபேல் போர் விமான வழக்கில், நாளேட்டில் வெளியான இரகசிய ஆவணங்களைப் பார்க்கக் கூடாது என்ற அரசின் வாதத்தை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆவணத்தை நீதிமன்றம் பார்க்கலாம். அதைக் கொண்டுவந்த மனிதருக்குப் பாதுகாப்பு இல்லை. இந்த இடைவெளியை அடைக்க இரண்டு வேலைகள் போதும். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தை, சட்டவிரோதக் கண்காணிப்பைப் பற்றிய முறையீடும் அடங்கும்படி விரித்து, நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில், பொதுநலனுக்காக வெளியிட்டேன் என்று நீதிமன்றத்தில் வாதிடும் உரிமையைச் சேர்க்க வேண்டும்.

இங்கே அமர்ந்திருக்கும் வழக்கறிஞர்கள் இதைச் சங்கத் தீர்மானமாக எழுதுங்கள். மாணவர்கள் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதமாக எழுதுங்கள், அந்தச் சட்டம் எப்போது நடைமுறைக்கு வரும் என்ற ஒரே கேள்வியோடு. தார்ன் ஆட்சியரின் தண்டோராவைக் கேட்ட பிறகும் மரக்கிளையில் சோறு கட்டிவிட்டுப் போனவர்களின் மாவட்டம் இது. உண்மை சொல்லிவிட்டுத் தனியாக நடந்து வருகிறவருக்கு நம் பங்குச் சோற்றை நாமும் கட்டிவைப்போம்.